வாளையாரில் நின்றுபோகும் வரைபடம்

கோவைக்கான போக்குவரத்துத் திட்ட அறிக்கை எதை எடுத்தாலும் பின்பக்கத்தில் மடித்து வைத்த பெரிய வரைபடம் ஒன்று இருக்கும். சாலைகள், தண்டவாளங்கள், வரப்போகிற மெட்ரோ எல்லாம் வண்ணக் கோடுகளாக ஓடும். தென்மேற்கு மூலையில் கேரள எல்லையான வாளையார் வந்ததும் எல்லாக் கோடும் கத்தரித்ததுபோல நின்றுவிடும். பாலக்காட்டுப் பக்கத்து வரைபடமும் இதற்குச் சளைத்ததல்ல. கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே அதில் வெற்றுத்தாள்தான்.

ஆனால் காலை ஏழு மணிக்குப் பாலக்காட்டுக் கணவாயில் நடப்பது வேறு. கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வைத்தியத்துக்கும் துணிமணிக்கும் கோவைக்கு வருகின்றன. மதுக்கரைப் பக்கத்து ஆட்கள் கஞ்சிக்கோட்டு ஆலைகளுக்குப் போகிறார்கள். எட்டிமடைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். இது ஒரே ஊர்த்தொகுதி. நடுவில் மாநில எல்லை ஓடுகிறது, அவ்வளவுதான்.

இனி இது கூடத்தான் செய்யும். கொச்சி–பெங்களூரு தொழில் வழித்தடத்தின் பாகமாகப் பாலக்காட்டில் 1,710 ஏக்கரில் தொழில்நகரம் அமைக்க 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இடம் புதுச்சேரிப் பகுதி, கஞ்சிக்கோட்டை ஒட்டி. கோவையின் புதிய முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2041 வரைக்குமானது. அந்தத் தொழில்நகரத்தைக் கணக்கில் சேர்க்காமல் 2041-இல் மதுக்கரைச் சாலையில் எத்தனை வண்டி ஓடும் என்று சொன்னால் அது ஜோசியம்.

முதலில் எண்ணுவது. திட்டத்தின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது, ஆனால் அறிக்கையில் யாரும் படிக்காத அத்தியாயமும் இதுவே.

எல்லைக் கணக்கெடுப்பு என்றால் வாளையாரில் கூடாரம் போட்டு நாலு பேரை உட்காரவைப்பது என்று ஆகிவிட்டது. வண்டிகள் கடக்கும் இடம் அது ஒன்றுதானா? வேலந்தாவளம், நடுப்புணி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் இருக்கின்றன. வடக்கே ஆனைகட்டி. நெடுஞ்சாலையில் வண்டி தேங்கினால் விவரம் தெரிந்த கார்க்காரர் கே.ஜி.சாவடியில் திரும்பி வேலந்தாவளம் வழியாகப் போய்விடுவார். ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரி வாளையாருக்கு வரவே வேண்டியதில்லை, பொள்ளாச்சி வழியாகவே கடந்துவிடும். ஏழு இடத்திலும் ஒரே வாரத்தில் எண்ணாவிட்டால் ஒரு ஓட்டையில் விட்டது இன்னொரு ஓட்டையில் இரண்டு முறை விழும்.

வாளையாரில் ஏழு நாள், 24 மணி நேரமும், 15 நிமிடத்துக்கு ஒரு வரி என்று எண்ண வேண்டும். சிறிய சாவடிகளுக்கு ஒரு ஞாயிறும் ஒரு திங்களும் அடங்கிய மூன்று நாளாவது வேண்டும். எந்த மாதம் என்பதும் முக்கியம். கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை சபரிமலை வண்டிகள் சாலையை நிறைக்கும். ஓணத்துக்கு முந்திய வாரம் சரக்கு கூடும். அந்த நாட்களில் எண்ணியதை ஆண்டுச் சராசரி என்று எழுதினால் சாலை தேவைக்கு மேல் பெருத்துவிடும். அதற்காக அந்த நாட்களைத் தூக்கியெறியவும் கூடாது. தனியாக எண்ணித் தனியாக வைக்க வேண்டும், ஏனென்றால் பார்க்கிங் இடமும் கழிப்பிடமும் அந்தக் கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் திட்டமிடப்பட வேண்டும்.

பழைய கணக்கோடு ஒப்பிட்டு வளர்ச்சி வீதம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அதற்கு முன் வாளையாரில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன, வண்டி கடக்கும் நேரத்தைச் சாவடிதான் தீர்மானித்தது. 2015-இன் மணிவாரிக் கணக்கையும் இன்றையதையும் ஒரே கோட்டில் வைத்தால் கிடைப்பது வளர்ச்சி வீதமல்ல, சாவடி எடுத்ததன் விளைவு.

அடுத்தது, எங்கிருந்து எங்கே என்று நிறுத்திக் கேட்பது. கேள்வித்தாள் தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். விளங்காத தொல்லை ஊர்ப்பெயர்களில் இருக்கிறது. பாலக்காட்டுப் புதுச்சேரியும் கடற்கரைப் புதுச்சேரியும் தமிழில் ஒரே எழுத்து. பாலக்காட்டுச் சித்தூரும் ஆந்திரச் சித்தூரும் அப்படியே. வேறெங்கோ உட்கார்ந்து கணினியில் ஏற்றுகிறவருக்குக் கஞ்சிக்கோட்டுத் தொழிலாளி தினமும் வங்கக்கடல் வரை போய்வருவதாகத்தான் தெரியும். 'டவுனுக்கு' என்ற பதிலும் பொல்லாதது. ஒருவருக்கு அது பாலக்காடு, அடுத்தவருக்குக் கோவை உக்கடம். படிவத்தில் தாலுகாவும் அடையாளத்துக்கு ஒரு பேருந்து நிறுத்தமும் எழுதவைத்தால் இந்தக் குழப்பம் தீரும். இதற்கு ஆகும் செலவு இரண்டு கட்டம் கூடுதலாக அச்சடிப்பதுதான்.

இனி மண்டலப் பிரிப்பு. என் பார்வையில் மொத்தக் கோளாறுக்கும் வேர் இதுதான். எந்தச் சாலையில் எவ்வளவு வண்டி ஓடும் என்று கணிக்கும் கணினி மாதிரிக்காகப் பகுதியைச் சிறுசிறு மண்டலங்களாக வெட்டுவார்கள். கோவைப் பக்கம் வார்டு வாரியாக நுணுக்கமாக வெட்டிவிட்டு, எல்லைக்கு அப்பால் 'கேரளம்' என்று ஒரே பெரிய மண்டலமாக வைத்துவிடுவார்கள். அப்போது 25 கி.மீ. தள்ளி வேலைக்குப் போகும் ஆளும், 150 கி.மீ.க்கு மேல் தள்ளிக் கொச்சிக்குப் போகும் கன்டெய்னரும் ஒரே கூடையில் விழுகிறார்கள். முன்னவருக்குப் பேருந்தோ மெமு என்ற குறுந்தூர மின்சார ரயிலோ கொடுத்தால் அவர் வண்டியை வீட்டில் விட்டுவருவார், பின்னவருக்குப் புறவழிச்சாலைதான் வேண்டும். கூடை ஒன்றானதும் மாதிரி இருவரையும் 'வெளியூர்ப் போக்குவரத்து' என்று நெடுஞ்சாலையில் ஏற்றிவிடும். பிறகு எந்தக் கேள்வி கேட்டாலும் 'சாலையை அகலப்படுத்து' என்ற பதில்தான் வரும். வாளையார், கஞ்சிக்கோடு, புதுச்சேரி, பாலக்காடு நகரம், சித்தூர் தாலுகா ஆகியவற்றுக்குக் குறைந்தது பத்துப் பன்னிரண்டு மண்டலம் தனித்தனியாக இருந்தால்தான் மாதிரிக்கு அந்த வேறுபாடு கண்ணில் படும்.

மாதிரி சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஜிஇஹெச் என்பார்கள். மாதிரி சொன்ன எண்ணுக்கும் சாலையில் எண்ணியதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, இரண்டால் பெருக்கி, இரு எண்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மணிக்கு 1,600 என்று மாதிரி சொல்லி, சாலையில் 1,200 இருந்தால் விடை 10.7. ஐந்துக்குள் இருப்பதுதான் நல்லது, நூறு இடத்தில் 85-இலாவது ஐந்துக்குள் இருக்க வேண்டும். அறிக்கையில் இந்த அட்டவணை இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இருந்தால் வாளையார் வரியை மட்டும் பாருங்கள்.

வளர்ச்சி வீதத்தையும் விடாதீர்கள். ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் 20 ஆண்டில் 2.65 மடங்கு. 8 சதவீதம் என்றால் 4.66 மடங்கு. மூன்று புள்ளி வித்தியாசத்தில் நாலுவழியா எட்டுவழியா என்பது மாறிப்போகிறது. ஒரே வீதத்தை இருசக்கரத்துக்கும் லாரிக்கும் சேர்த்துப் போட்டிருந்தால் அங்கேயே பேனாவை வையுங்கள்.

வண்டிகளை எண்ணுவதோடு மனிதர்களையும் எண்ண வேண்டும். ஒவ்வொரு வண்டியும் சாலையில் எடுக்கும் இடத்தைக் காரை வைத்து அளக்கும் இந்தியச் சாலைப் பேரவையின் நகர்ச்சாலைக் கணக்கில் கார் ஒன்று. இருசக்கரம் போக்குவரத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் 0.75. பேருந்து சிறு பங்காக இருக்கும்போது 2.2. உதாரணத்துக்கு, ஒரு மணி நேரத்தில் 1,000 இருசக்கரம், 300 கார், 40 பேருந்து ஓடுவதாக வையுங்கள். முறையே 750, 300, 88. மொத்தம் 1,138 கார் அலகு. பேருந்து எடுத்துக்கொள்வது சாலையில் எட்டு சதவீதம்கூட இல்லை. இருசக்கரத்தில் சராசரி 1.4 பேர், காரில் இரண்டு பேர், பேருந்தில் 45 பேர் என்றால் மொத்தம் 3,800 பேரில் 1,800 பேர் பேருந்தில் போகிறார்கள். சாலை நிறைந்துவிட்டது என்று சொல்லும் அட்டவணைக்குப் பக்கத்தில் இந்த இரண்டாவது அட்டவணையும் இல்லாவிட்டால் அது வண்டிகளுக்கான திட்டமாகவே முடியும்.

எல்லையை எங்கே போடுகிறோம் என்பது வெறும் கணித விஷயமல்ல என்பதற்குக் கோவை மெட்ரோவே சாட்சி. அவிநாசி சாலை, சத்தி சாலை என இரு தடம், சுமார் 34.8 கி.மீ., ரூ.10,740 கோடி என்று போட்ட திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கில் அது இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது. அதே 2011 கணக்கில் கோவை நகரத்திரள், அதாவது மாநகராட்சியும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்தது, 21 லட்சத்தைத் தாண்டுகிறது, மாநகராட்சி எல்லைக்குள் எண்ணினால் குறைகிறது. எந்தக் கோட்டுக்குள் எண்ணுகிறோம் என்பதில் பத்தாயிரம் கோடி நிற்கிறது. 2017 கொள்கைக்கு முன்பே அனுமதி வாங்கிய கொச்சியில் மாநகராட்சி எல்லைக்குள் ஏழு லட்சம் பேர்கூட இல்லை. அங்கே மெட்ரோவுக்கு நியாயம் சொன்னது நகரத்திரள்தான்.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காததால் எல்லாரும் 2011-ஐயே இழுத்து நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கணக்கின் எண்கள் வரும்வரை வீட்டு மின் இணைப்பு, ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் மூன்றையும் மண்டல வாரியாக ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. மூன்றும் ஒரே திசையில் வளர்ந்தால் நம்பலாம். மின் இணைப்பு மட்டும் பாய்ந்து ரேஷன் கார்டு நகராமல் இருந்தால் அங்கே வாடகைக்கு வந்த வெளியூர்த் தொழிலாளர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். பேருந்து அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

இனி நிலம். நீண்டகாலத் திட்டம் என்ற பெயருக்குத் தகுதியான வேலை இது ஒன்றுதான் என்பேன். பாலத்தை எப்போது வேண்டுமானாலும் கட்டலாம், வீடு எழும்பிய இடத்தில் சாலையைக் கொண்டுவருவதுதான் முடியாது.

வரைபடத்தில் சாலைக்கென்று நிலத்தைக் குறித்துவிட்டால் அது காலாகாலத்துக்கும் அப்படியே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 38-ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. அறிவிப்பு வெளியாகி மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்காவிட்டால் அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருதப்படும். உரிமையாளர் நீதிமன்றம் போனால் ஜெயிப்பார், ஜெயித்திருக்கிறார்கள். 2041 வரைக்கும் என்று போட்ட கோட்டுக்கு ஆயுள் மூன்று வருடம்! திட்டம் வெளிவந்த அன்றே எந்தெந்தக் கோட்டுக்கு மூன்று ஆண்டுக்குள் பணம் ஒதுக்கப்படும் என்ற பட்டியலும் கூடவே வராவிட்டால் நான்காம் ஆண்டில் அந்த வரைபடம் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

காலம் தாழ்த்துவதன் விலையும் தெரிந்ததுதான். 2013 நிலம் கையகச் சட்டப்படி சந்தை மதிப்போடு அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், கிராமப்புறத்தில் சந்தை மதிப்பையே ஒரு காரணியால் பெருக்கிவிட்டு. தோட்டமாக இருக்கும்போது வாங்குவதும், சைட் போட்டு விற்ற பிறகு வாங்குவதும் ஒரே கணக்கா?

மலிவான வழி ஒன்று உண்டு. லே-அவுட் அனுமதி கேட்டு வரும்போது, திட்டச் சாலை அந்த நிலத்தின் வழியே போனால் அந்தப் பகுதியைச் சாலையாகவே விட்டுத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அரசுக்குச் செலவில்லை. சிக்கல் என்னவென்றால் லே-அவுட்டுகள் வரிசையாக வருவதில்லை. இங்கே 200 மீட்டர், அங்கே 150 மீட்டர், நடுவில் தென்னந்தோப்பு. பல் விழுந்த வாய்போலச் சாலை கிடக்கும். அந்த இடைவெளிகளை மட்டும் சர்வே நம்பர் வாரியாக ஒரு பதிவேட்டில் எழுதி, அதற்கு மட்டும் பணம் தேடுவதற்கு ஓர் அலுவலரை உட்காரவைத்தால் பாதிச் செலவில் சாலை முடியும். அந்தப் பதிவேட்டை வைத்துப் பராமரிக்க ஆளில்லாமல் போவதுதான் வழக்கம்.

எவ்வளவு அகலம் ஒதுக்க வேண்டும்? நாலு வழிக்கு 14 மீட்டர், பேருந்துக்கென்று இரு வழி 7, நிறுத்த மேடை 4, இரு பக்க நடைபாதை 5, வடிகாலும் மரமும் 4, பிரிப்பான்கள் 2. கூட்டினால் 36 மீட்டர். 30 மீட்டர் என்று குறித்துவிட்டால் பிற்பாடு வெட்டுப்படுவது நடைபாதைதான், வழித்தடம் அல்ல. பாலக்காட்டுப் பக்கம் வேறு சட்டம், வேறு சிக்கல். கணவாயின் வயல்வெளி பெரும்பாலும் நெல். 2008 நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் தரவுப் பட்டியலில் இருக்கும் நிலத்தை நிரவ அனுமதி எளிதில் கிடைக்காது. இந்தப் பக்கம் 36 மீட்டரில் வரும் சாலை அந்தப் பக்கம் 12 மீட்டரில் வயலைத் தொட்டால் எல்லையில் ஒரு புனல் உருவாகும். இரண்டு வரைபடத்தையும் ஒரே மேசையில் விரித்துப் பார்த்தாலொழிய இது தெரியாது.

புறவழிச்சாலைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. நீலாம்பூர்–மதுக்கரை புறவழிச்சாலை, ஊரில் எல் அண்ட் டி பைபாஸ், சுமார் 28 கி.மீ., இருவழியாகக் கட்டப்பட்டது. சமவெளியில் இருவழிச் சாலைக்குச் சாலைப் பேரவை வைத்த வடிவமைப்பு அளவு நாளுக்கு 15,000 கார் அலகு, 1.5 மீட்டர் தளமிட்ட ஓரம் இருந்தால் இன்னும் 15 சதவீதம் கூடும். ஆனால் புறவழிச்சாலையைக் கெடுப்பது அகலக் குறைவு மட்டுமல்ல, பக்கவாட்டு வாசல்கள். சாலை வந்ததும் ஓட்டல், பெட்ரோல் பங்க், லே-அவுட் நுழைவு என்று ஒவ்வொன்றும் நேரே சாலையில் வாய் திறக்கும். பத்தாண்டில் அது இன்னொரு ஊர்த்தெரு. மதுக்கரை அருகே மைல்கல் என்ற இடத்திலிருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை 32.43 கி.மீ. மேற்குப் புறவழிச்சாலைக்கும் இதே கதி வராமல் இருக்க, சேவைச்சாலையும் வாசல் தடையும் முதல் நாளே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று: மேட்டுப்பாளையம் சாலை லாரிகள் அந்த வழியே இறங்கி மைல்கல்லில் சேரும்போது வாளையார்ச் சாலைக்கு வரும் கூடுதல் சுமையை யார் கணக்கில் சேர்த்தார்கள்?

வேலைகளின் வரிசையும் திட்டம்தான். அவிநாசி சாலையில் 10.1 கி.மீ. மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள், வண்டிக்காரர்களுக்குச் சந்தோஷம். மெட்ரோவும் அதே சாலையில் வரும் என்றால் தூண்களுக்கு வசதியான நடுப்பகுதி போய்விட்டது, பாதையை ஓரத்துக்குத் தள்ள வேண்டும், ஓரத்தில் கட்டடங்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் முதலிலேயே வைத்திருந்தால் ஒரு தூண் இரண்டையும் தாங்கியிருக்கலாம், வேறு ஊர்களில் தாங்குகிறது. சென்னைக் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் இதே பாடம்தான். 2023 டிசம்பர் 30-இல் முனையம் திறந்தது, எதிரே ரயில் நிலையம் தயாராக இல்லை. கோவை வெள்ளலூரில் 2020-இல் தொடங்கி நின்றுபோன முனையத்தைப் பற்றி மறுபடி பேசுகிறவர்கள் அங்கே போய்ச்சேர எத்தனை டவுன் பஸ் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் நல்லது.

பேருந்து எண்ணிக்கையை வேகத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 25 கி.மீ. தடம், ஆறு நிமிடத்துக்கு ஒன்று என்று வைப்போம். மணிக்கு 18 கி.மீ. வேகம் என்றால் ஒரு பக்கம் 83 நிமிடம். இரு முனையிலும் தலா பத்து நிமிட ஓய்வு. போய்வர 187 நிமிடம், ஆறால் வகுத்தால் 32 பேருந்து. வேகம் 22 ஆனால் போய்வர 156 நிமிடம், 27 பேருந்து போதும். பழுதுக்கு மாற்றாக இரண்டிலும் பத்து சதவீதம் கூட வையுங்கள். ஐந்து பேருந்தும் அதற்கான ஓட்டுநர், நடத்துநரும் மிச்சம். ஒரு பக்கத்துக்குக் குறைய வேண்டிய அந்த 15 நிமிடத்தை எங்கே எடுப்பது? 30 நிறுத்தத்தில் தலா 15 வினாடி குறைத்தால் ஏழரை நிமிடம். இரண்டு வாசலிலும் ஏறி இறங்கவிடுவதும், நிறுத்தத்துக்கு முன்னால் நிற்கும் ஆட்டோவை நகர்த்துவதும் இதற்குப் போதும். ஒன்பது சிக்னலில் தலா 50 வினாடி குறைத்தால் மீதி ஏழரை. சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைக்கும் கோவை முறையில் கார் நிற்காமல் ஓடுகிறது, சரி. பேருந்திலிருந்து இறங்கிய பாட்டி எதிர்ப்பக்கம் எப்படிப் போவாள் என்பதற்கு அதில் பதில் இல்லை. சிக்னல் இருந்தபோது வண்டிகள் நின்ற அந்த அரை நிமிடம்தான் அவளுக்கான பாலம்.

எல்லை தாண்டும் பேருந்துக்கு இன்னொரு பூட்டு. மோட்டார் வாகனச் சட்டம் 88-ஆம் பிரிவின்படி இரு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டு எந்தத் தடத்தில் எத்தனை பெர்மிட் என்று முடிவு செய்ய வேண்டும். ஆகவே தேவை கூடினாலும் டிப்போ மேலாளர் நினைத்து ஒரு பஸ்ஸை அந்தப் பக்கம் நீட்ட முடியாது. மதுக்கரையிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போகும் பெண் எல்லை வரை விடியல் பயணத்தில் இலவசமாக வரலாம். அங்கே இறங்கி, காத்திருந்து, வேறு டிக்கெட் எடுத்து அடுத்த பஸ். காத்திருக்கும் நேரம் சேர்ந்ததும் ஸ்கூட்டர் கணக்கு ஜெயித்துவிடுகிறது. ஆனால் அதே 88-இல் ஒரு கதவும் இருக்கிறது. புதிய ஒப்பந்த வரைவை அரசிதழிலும் வட்டார மொழி நாளிதழிலும் வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். அப்போது உக்கடம்–பாலக்காடு மட்டும் கேட்காமல் மதுக்கரை–கஞ்சிக்கோடு, வேலந்தாவளம்–உக்கடம் போன்ற குறுந்தடங்களைக் கேட்பதுதான் காரியம்.

தண்டவாளம் ஏற்கெனவே கிடக்கிறது. போத்தனூர், மதுக்கரை, எட்டிமடை, வாளையார், கஞ்சிக்கோடு, பாலக்காடு: தொழிற்சாலையும் கல்லூரியும் இதன் மேலேயே வரிசையாக இருக்கின்றன. இரட்டைப் பாதை, மின்மயம். மெமு ஓடுகிறது, போதவில்லை. மூன்றாவது பாதை போடலாம் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். வாளையார்க் காட்டில் அது அவ்வளவு லேசில்லை. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. அதற்குப் பிறகு யானைகளுக்கு அடிப்பாதைகள் கட்டினார்கள், 2024 பிப்ரவரியில் மதுக்கரையில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக் கண்காணிப்பு வந்தது. காட்டுக்குள் இன்னொரு இருப்புப்பாதை என்றால் யானைக்கு இன்னொரு வேலி.

ஆக, இருக்கும் பாதையில்தான் கொள்ளளவைத் தேட வேண்டும். பழைய முறைச் சிக்னலில் இரு நிலையங்களுக்கு நடுவே ஒரு திசையில் ஒரு வண்டிதான் இருக்கலாம். பத்துக் கி.மீ. இடைவெளியைச் சரக்கு வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கடக்க 15 நிமிடம். மணிக்கு நாலு வண்டிக்கு மேல் விடவே முடியாது. இடையில் தானியங்கிச் சிக்னல்கள் வைத்தால் அந்த இடைவெளி பாதியாகும், காட்டில் ஒரு மரமும் வெட்ட வேண்டாம். கூடவே நடைமேடைகளை 12 பெட்டி மெமுவுக்கு ஏற்றபடி, சுமார் 270 மீட்டருக்கு, நீட்ட வேண்டும். நிலையத்திலிருந்து ஆலை வாசல் வரை வண்டி நேரத்தை ஒட்டிய இணைப்புப் பேருந்தும் இல்லாவிட்டால் மீதி இரண்டும் வீண், கடைசி மூன்று கி.மீ.யை நடக்க யாரும் தயாரில்லை. 2007 நவம்பரில் சேலம் ரயில்வே கோட்டம் பிரிந்த பிறகு கோவை அந்தக் கோட்டத்தில், பாலக்காடு இன்னொன்றில். கால அட்டவணையில் மெமுவுக்கு ஐந்து நிமிடம் கேட்க வேண்டுமென்றாலும் இரண்டு கதவைத் தட்ட வேண்டும்.

இரு மாநிலத்துக்கும் பொதுவான போக்குவரத்து ஆணையம் என்ற யோசனையை மாநாட்டு மேடைகளில் கேட்கலாம். சென்னைக்கும் கொச்சிக்கும் தனித்தனி ஆணையம் சட்டத்தோடு வந்தும் நிமிர்ந்து நிற்க ஆண்டுகள் பிடித்தன. அதற்காகக் காத்திருக்காமல் இப்போதே முடிகிற சிறிய வேலைகள் உண்டு: ஏழு சாவடியிலும் ஒரே வாரத்தில் எண்ணுவது, மண்டல எண்களை இரு மாவட்டமும் ஒன்றாக வைத்துக்கொள்வது, எல்லையிலிருந்து இரு பக்கமும் 15 கி.மீ. வரை சாலை அகலங்களை ஒப்பிட்ட ஒரே வரைபடம். இதற்குச் சட்டம் வேண்டாம், இரண்டு மாவட்ட அலுவலகங்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதம் போதும்.

அடுத்த முறை விரிவுத் திட்ட வரைவு வரும்போது, சட்டப்படி ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் இருக்கும். 'எங்கள் பகுதிக்கு நல்ல சாலை வேண்டும்' என்று எழுதினால் 'பரிசீலிக்கப்படும்' என்ற வரியோடு கோப்பு மூடும். பக்க எண், வரைபட எண், சர்வே நம்பர், இப்போதுள்ள அகலம், கேட்கும் அகலம் ஐந்தும் இருந்தால் யாராவது பதில் எழுதியே ஆக வேண்டும். ஒரு பிரதியைப் பாலக்காடு மாவட்டத் திட்டக்குழுவுக்கும் மலையாளத்தில் அனுப்புங்கள். அறிக்கையைப் பிரித்ததும் முன்னுரையை விட்டுவிட்டு மண்டல வரைபடத்துக்குப் போய் வேலந்தாவளத்தைத் தேடுங்கள். இல்லையென்றால் உங்கள் ஆட்சேபத்தின் முதல் வரி அதுதான்.